சரணடைபவன் எங்கே போவான்?

வெளிநாட்டில் மூண்டிருக்கும் ஒரு தீவிரவாதக் கிளர்ச்சியை எவ்வாறு முறியடிப்பது என்ற கேள்வி இந்தியப் பல்கலைக்கழகங்களின் கருத்தரங்குகளில் எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. பாதுகாப்பியல் துறையிலிருந்து வருபவர் படை, உளவு, ட்ரோன் என்று அடுக்குவார். வளர்ச்சிப் பொருளியலிலிருந்து வருபவர் வறுமை, வேலையின்மை, காலநிலை மாற்றம் என்று அடுக்குவார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு தலைமை வகிப்பவர் இரண்டையும் கலந்து 'பன்முக அணுகுமுறை' என்று பெயரிட்டு அமர்வை முடித்துவைப்பார். எவர் மனமும் நோகாத முடிவு. எந்த அரசும் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லாத முடிவும் அதுவே.

நைஜீரியாவின் வடகிழக்கில், சாட் ஏரியை ஒட்டிய நிலப்பரப்பில், 2009 முதல் நடந்துவரும் போகோ ஹராம் போர் இவ்விரு விடைகளையும் போதிய அளவு சோதித்துவிட்டது. 2020 இறுதிவரை நேரடித் தாக்குதல்களில் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தனர். பசி, நோய், சிதைந்துபோன மருத்துவ வசதி ஆகியவற்றால் மாண்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை மூன்றரை லட்சத்தை நெருங்கும் என்று ஐநா வளர்ச்சித் திட்டம் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இத்தனை பெரிய பேரழிவைப் பற்றி விவாதிக்கும் இரு தரப்பினரும் ஒரு கேள்வியைத் தொடாமலே கடந்துவிடுகின்றனர். பிடிபட்டவனை அரசு என்ன செய்கிறது? ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியேற நினைப்பவன் எந்த வாசலுக்கு வருவான்? அங்கே அவனை எதிர்கொள்ளப்போவது யார்? இந்தப் போரின் பெரிய திருப்பங்கள் பலவும் அந்த வாசலில் நிகழ்ந்தவை.

முகமது யூசுஃப் 2002 வாக்கில் மைதுகுரி நகரத்தில் தம் குழுவை அமைத்தார். மேற்கத்தியக் கல்வியும் மதச்சார்பற்ற அரசின் கீழ்ப் பணியாற்றுவதும் மார்க்கத்துக்கு விரோதமானவை என்பது அவருடைய போதனை. 'போகோ ஹராம்' என்பது ஹவுசா மொழியில் பிறர் அக்குழுவுக்குச் சூட்டிய பெயர். அவரை வலுவாக மறுத்தவர்கள் வெளியார் அல்லர். அவருடைய ஆசிரியராக இருந்த ஷேக் ஜாஃபர் மஹ்மூத் ஆதம் உள்ளிட்ட வடநைஜீரிய சலஃபி அறிஞர்கள். 2009 ஜூனில், இறுதி ஊர்வலம் ஒன்றில் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றிச் சென்ற யூசுஃபின் ஆட்களைப் பாதுகாப்புப் படையினர் தடுத்தனர். தகராறு முற்றித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் காயமடைந்தனர். ஜூலை இறுதியில் பவுச்சியில் தொடங்கிப் போர்னோ, யோபே, கானோ மாநிலங்களுக்குப் பரவிய மோதலில் 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஜூலை 30 அன்று ராணுவம் யூசுஃபை உயிருடன் பிடித்தது. சட்டையற்ற உடம்பும் கையில் கட்டுமாக அவர் விசாரிக்கப்படும் காணொளி பின்னர் கைபேசி கைபேசியாகப் பரவியது. ராணுவம் அவரைக் காவல் துறையிடம் ஒப்படைத்தது. அன்றே அவர் பிணமானார். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டதாகக் காவல் துறை தெரிவித்தது. இந்திய வாசகர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவரை உயிருடன்தான் ஒப்படைத்தோம் என்று நடவடிக்கைக்குத் தலைமையேற்ற ராணுவ அதிகாரியே வெளிப்படையாகக் கூறினார். யூசுஃபின் மாமனார் பாபா ஃபுகு முகமது தாமாகவே காவல் துறையிடம் சென்றார். அவரும் உயிருடன் திரும்பவில்லை. போர்னோ மாநிலத்தின் முன்னாள் மத விவகார ஆணையர் புஜி ஃபோயும் காவலில் கொல்லப்பட்டார். மாமனாரின் குடும்பத்துக்கு 10 கோடி நைரா இழப்பீடு வழங்க 2010-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. யூசுஃபின் கொலை தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் 2015-இல் விடுதலையாயினர்.

ஒரு வழக்கு நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மாநில அமைச்சரவையில் இருந்த ஒருவரே அக்குழுவோடு பிணைந்திருந்தார் எனும்போது, பணம் எங்கிருந்து வந்தது, எந்த அரசியல்வாதி எந்தத் தேர்தலில் அதனைப் பயன்படுத்திக்கொண்டார் என்பன குறுக்கு விசாரணையில் வெளிவந்திருக்கும். போதகரின் வாதங்கள் நீதிமன்றக் கூண்டில், வக்கீல்களின் கேள்விகளுக்கிடையே, தம் சாதாரணத்தன்மையை வெளிப்படுத்தியிருக்கும். அதற்குப் பதிலாக அரசு அவருக்கு ஒரு தியாகியின் இடத்தை வழங்கியது. இந்த அரசின் சட்டம் பொய் என்பது அவருடைய பிரசங்கம். அதற்குச் சான்றாக அவருடைய சடலமே ஆகிவிட்டது. சரணடைந்த மாமனாரின் கதி அதைவிடக் கொடிய செய்தியைச் சொன்னது. போராடினாலும் சாவு, நடந்து வந்து கைகொடுத்தாலும் சாவு.

தலைமை அபூபக்கர் ஷெகாவிடம் சென்றது. 2010 செப்டம்பர் 7 அன்று பவுச்சிச் சிறை உடைக்கப்பட்டு 700-க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியேறினர். ஓராண்டுக்கு மேலாக விசாரணையை எதிர்நோக்கிக் கிடந்த இயக்கத்தினரும் அவர்களில் இருந்தனர். மீண்டெழுந்த இயக்கம் தன் வருகையை அறிவித்தது ஒரு சிறைக் கதவை உடைத்துத்தான். 2011 செப்டம்பரில் முன்னாள் அதிபர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ மைதுகுரிக்குச் சென்று யூசுஃபின் உறவினர்களைச் சந்தித்தார். அச்சந்திப்புக்கு இணங்கிய உறவினர் ஓரிரு நாளில் சுட்டுக்கொல்லப்பட்டார். பேச்சுவார்த்தைக்கான வயது 2009-லேயே முடிந்துபோயிருந்தது.

அடுத்து 2012. இயக்கத் தலைவர்களின் மனைவிமாரையும் குழந்தைகளையும் அரசு பிடித்துவைக்கத் தொடங்கியது. ஷெகாவின் குடும்பத்தாரும் அவர்களில் அடக்கம். பணயம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. எங்கள் பெண்களைப் பிடித்தால் உங்கள் பெண்களைப் பிடிப்போம் என்ற பொருளில் ஷெகாவ் காணொளிகளில் மிரட்டினார். 2013 மே மாதம் பாமா நகரத் தாக்குதலின்போது பெண்களும் குழந்தைகளும் கடத்தப்பட்டனர். அம்மாதமே அரசு தன் காவலிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் விடுவிக்க முன்வந்தது. கடத்தினால் கிடைக்கும் என்பது அப்போது நிறுவப்பட்டது. பதினோரு மாதங்கள் கழித்து, 2014 ஏப்ரல் 14 இரவில், சிபோக் அரசுப் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டனர். இதனைச் சுட்டுவது ஷெகாவின் குற்றத்தில் ஒரு துளியையும் கழுவாது. பெண்களை அடிமைகளாக விற்பேன் என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தவர் அவர். அந்தக் கொடூரத்துக்கு அவரே பொறுப்பு. ஆனால், கொடியவர்கள் எதிரில் நிற்கும்போது அவர்களுக்கு எந்தக் கருவியை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சிந்திப்பது அரசின் கடமை. குடும்பத்தைப் பணயமாக்கும் கருவியை இந்தப் போரில் முதலில் கையிலெடுத்தது அரசு.

சிபோக்குக்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன், 2014 மார்ச் 14 அன்று, மைதுகுரியின் கிவா படைமுகாமைத் தாக்கிய போகோ ஹராம் அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களைத் திறந்துவிட்டது. ஓடியவர்களை மீண்டும் பிடித்த படையினர் 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர் என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆவணப்படுத்தியது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிராயுதபாணிகள். 2011 மார்ச் முதல் ராணுவக் காவலில் பட்டினி, நெரிசல், நோய், சித்திரவதை ஆகியவற்றால் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அதே அமைப்பின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. சிபோக் மாணவிகளுக்காக உலகத் தலைவர்களின் துணைவியர் பதாகை ஏந்தினர், அது தேவையானதே. கிவாவின் பெயரை உலகம் கேள்விப்படவே இல்லை. ஆனால், போர்னோவின் கிராமங்களில் இரு பெயர்களும் ஒன்றாகவே அறியப்படுகின்றன.

அந்த முகாமில் அடைபட்டவர்கள் யார்? ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்துவார்கள்; ஆள்காட்டி ஒருவர் சுட்டிக்காட்டுபவர்களை லாரியில் ஏற்றுவார்கள். ஈழத்தில் வளர்ந்தவர்கள் இந்த முறையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அங்கே அந்த மனிதருக்குத் 'தலையாட்டி' என்று பெயர். தலையாட்டியின் பழைய பகை, கடன், பயம் எல்லாம் அந்த ஓர் அசைவில் தீர்ப்பாக மாறும். இவ்வாறு பிடிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை 2017 அக்டோபரில் கைஞ்ஜி ராணுவத் தளத்தில், மூடிய கதவுகளுக்குப் பின், நைஜீரிய அரசு விசாரிக்கத் தொடங்கியது. முதல் சுற்றில் வந்த 575 பேரில் தண்டிக்கப்பட்டவர்கள் 45 பேர். 468 பேர் விடுவிக்கப்பட்டனர். 34 வழக்குகள் தள்ளுபடியாயின. எஞ்சியவை வேறு நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. ஐந்தில் நால்வருக்கு எதிராக, அரசே அமைத்த, அரசே கதவை மூடிக்கொண்ட நீதிமன்றத்தில்கூட ஒன்றையும் நிறுவ முடியவில்லை. அவர்களில் பலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்திருந்தனர்.

ஆயுதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்தவர்களை ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சந்தித்துப் பேசி ஐநா வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்வதற்கான இறுதி உந்துதலாக 71 விழுக்காட்டினர் குறிப்பிட்டது அரசின் செயலை: உறவினர் அல்லது நண்பர் கொல்லப்பட்டது, கைதானது போன்றவை. உள்நாட்டுப் போர்களின் வன்முறை பற்றி 2006-இல் ஸ்டாதிஸ் கலைவாஸ் எழுதிய நூலை அரசியல் அறிவியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கின்றனர். ஆள் பார்க்காமல் அடிக்கும் அரசு, ஒதுங்கி நிற்பவனின் பாதுகாப்பைப் பறித்து அவனை எதிராளியிடம் தள்ளுகிறது என்பது அதன் மைய வாதங்களில் ஒன்று. தேர்வில் அதனை எழுதி மதிப்பெண் பெறும் அதே மாணவர், அடுத்த அமர்வில் 'உறுதியான ராணுவ நடவடிக்கை' என்ற சொல்லுக்குத் தலையசைப்பதுதான் வியப்பு.

படைவழித் தரப்பினரின் வாதத்துக்கு உரிய மரியாதை தர வேண்டும். படை இல்லாமல் மைதுகுரி நின்றிருக்காது. 2014 ஆகஸ்ட்டில் க்வோசாவில் ஷெகாவ் தம் ஆட்சியை அறிவித்தபோது போர்னோவின் பெரும்பகுதி அவருடைய பிடியில் இருந்தது. 2015-இன் முதல் மாதங்களில் சாட் நாட்டுப் படைகளும், தென்னாப்பிரிக்கக் கூலிப்படையினரின் உதவி பெற்ற நைஜீரிய ராணுவமும் அந்த நகரங்களை மீட்டன. சுத்தியலால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது, அது செய்யப்பட்டது. பிழை அதற்குப் பின் தொடங்குகிறது. 2015 டிசம்பரில் அதிபர் முகமது புகாரி, போரில் 'தொழில்நுட்ப ரீதியாக' வென்றுவிட்டதாக அறிவித்தார். எட்டே மாதத்தில், 2016 ஆகஸ்ட்டில், இயக்கம் பிளந்து, இஸ்லாமிய அரசின் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையான ஐஸ்வாப் தனித்தெழுந்தது. அதன் தலைவராக அறிவிக்கப்பட்டவர் அபு முசாப் அல்-பர்னாவி. அவர் முகமது யூசுஃபின் மகன்.

2017 ஜனவரி 17 அன்று ரான் என்னுமிடத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமின் மீதே நைஜீரிய விமானப் படை குண்டுவீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தவறுதலாக நடந்தது என்று அரசு ஒப்புக்கொண்டது. 2019-இல் ராணுவம் சிறு முகாம்களைக் கைவிட்டுப் 'பெருமுகாம்'களுக்குள் ஒதுங்கியது. வீரர்களின் உயிரிழப்பு குறையும் என்பது கணக்கு. கிராமப்புறம் முழுவதும் ஐஸ்வாப்பின் நடமாட்டத்துக்குத் திறந்துவிடப்பட்டது என்பது விளைவு. எதிரிக்குப் பணம் போகும் என்று மீன் வணிகத்தையும், வெடிமருந்தாகும் என்று உரத்தையும் தடைசெய்தார்கள். மீனவனுக்கும் விவசாயிக்கும் பிழைக்க எஞ்சியிருந்த இடம், தடைகள் செல்லாத பகுதி. அதாவது ஐஸ்வாப்பின் பகுதி.

இந்த இடத்தில் 'இலங்கை மாதிரி' பற்றிப் பேசாமல் போக முடியாது. 2011-இல், மே இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை, பயங்கரவாதத்தைத் தோற்கடித்த தன் அனுபவத்தை உலகப் படைகளுக்குக் கற்பிக்கக் கொழும்பில் இலங்கை ராணுவம் ஒரு கருத்தரங்கை நடத்தியது. நைஜீரிய ராணுவமும் பின்னாளில் அந்த அனுபவத்தில் ஆர்வம் காட்டியது. இந்தியக் கருத்தரங்குகளிலும் அம்மாதிரியை மெச்சிப் பேசும் குரல் அவ்வப்போது எழுகிறது. சிறு தீவில், ஒற்றைத் தலைமையும் நிலையான எல்லையும் கொண்ட இயக்கம் ஒன்றைச் சுற்றிவளைத்த முறை, நான்கு நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் சாட் ஏரித் தீவுகளில் எப்படிப் பொருந்தும் என்ற எளிய கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. அதைவிட முக்கியமானது அந்த மாதிரி மறைத்துவைக்கும் பகுதி. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 குடிமக்கள்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐநா பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011-இல் கூறியது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தம் கண்ணெதிரே ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட கணவர்களையும் பிள்ளைகளையும் தேடிப் பெண்கள் இன்றும் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்திருக்கிறார்கள். மறுவாழ்வு பெற்றதாகக் காட்டப்படும் சுமார் 12,000 முன்னாள் போராளிகளின் கணக்கு அரசின் வெளியீடுகளில் உண்டு. பந்தலில் இருக்கும் படங்களின் கணக்கு அவற்றில் இல்லை. சரணடைந்தவனைக் காணாமல் ஆக்கிய மாதிரியை, சரணடைய எவரும் அஞ்சும் ஒரு போருக்கு மருந்தாகப் பரிந்துரைப்பது அறியாமை என்றால் மன்னிக்கலாம். ஆய்வேடாக வந்தால் மன்னிக்க இயலாது.

வளர்ச்சித் தரப்பினர் நல்ல மனத்தினர். அவர்களுடைய சான்றுதான் பலவீனம். சாட் ஏரி தொண்ணூறு விழுக்காடு வற்றிவிட்டது, ஆகவே இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள் என்ற வாக்கியம் எண்ணற்ற விளக்கவுரைகளில் ஒரே செயற்கைக்கோள் படத்தோடு வருகிறது. ஏரி கடுமையாகச் சுருங்கியது 1970-களிலும் 80-களிலும். 1990-களுக்குப் பிறகு அது ஓரளவு மீண்டது. கிளர்ச்சி வெடித்ததோ 2009-இல். வறுமையே காரணம் என்றால் சொகோட்டோ மாநிலம் முதலில் எரிந்திருக்க வேண்டும். நைஜீரியாவின் அரசுக் கணக்கெடுப்புகளில் வறுமையின் உச்சியில் நிற்பது அதுதான். கிணறும் பள்ளியும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவை மக்களுக்கு உரிமையாகவே வர வேண்டும். தீவிரவாதத்துக்கு மருந்தாக வந்தால், தீவிரவாதம் இல்லாத ஏழை மாவட்டத்துக்கு அவை வராமலே போகும்.

ஐஸ்வாப்பின் பகுதிகளில் நடப்பதைக் கவனித்தால் மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது விளங்கும். அது மீனுக்கும் மாட்டுக்கும் மிளகாய்க்கும் வரி வாங்குகிறது. வாங்கியதற்கு வணிகப் பாதைகளில் பாதுகாப்பு தருகிறது. மாடு திருடு போனால், நிலத் தகராறு வந்தால், விசாரிக்க ஆள் வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகள் கொடியவை. திருடனின் கை போகும். பெண்களின் நிலை அங்கே இருண்டது. எதிர்த்தவருக்கு உயிர் மிஞ்சாது. ஆனாலும், லஞ்சமின்றி ஒரு வாரத்தில் முடியும் வழக்கு என்பது, சோதனைச் சாவடிதோறும் காசு கறக்கும் சீருடையைக் கண்டு சலித்தவனுக்குச் சிறிய விஷயம் அன்று. நீதியின் இடத்தை அரசு காலியாக விட்டது. அந்த இருக்கையில் கொலைகாரர்கள் வந்து அமர்ந்தார்கள்.

பிறகு, எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நிகழ்ந்தது. 2021 மே மாதம் சம்பிசா காட்டில் ஐஸ்வாப்பினர் சூழ்ந்தபோது ஷெகாவ் தம்மைத் தாமே வெடிக்கச் செய்து இறந்தார். அவரைக் கொன்றது நைஜீரிய ராணுவம் அன்று, போட்டிக் குழு. ஐஸ்வாப்புக்குப் பணிய விரும்பாதவர்கள், பழிவாங்கலுக்கு அஞ்சியவர்கள், ஆண்டுக்கணக்கில் காட்டில் சிறைபோல வாழ்ந்த குடும்பங்கள் எனச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வரத் தொடங்கினர். போர்னோ மாநில ஆளுநர் பாபகானா சூலும் அவர்களைக் கொல்லாமல் ஏற்பது என்று முடிவெடுத்தார். ஹஜ் பயணிகளுக்கான முகாம் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வந்தவன் கொல்லப்படவில்லை என்ற செய்தி காட்டுக்குள் போயிற்று, அடுத்தவன் வந்தான். அரசுக் கணக்கின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பன்னிரண்டு ஆண்டு குண்டுவீச்சு காட்டிலிருந்து பிரிக்காத கூட்டத்தை, வந்தவன் உயிரோடு இருக்கிறான் என்ற ஒற்றைச் செய்தி பிரித்தது. 2009-இல் பாபா ஃபுகு நடந்துசென்ற அதே நகரம்தான் அது.

இத்தோடு நிறுத்திவிட்டால் வாதம் அழகாக முடியும், நேர்மையாக முடியாது. வாசலைத் திற என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடும் மறுபாதி ஒன்று உண்டு. சரணடைந்தவர்களுக்குச் சோறும் உறைவிடமும் கிடைத்த அதே காலத்தில், மைதுகுரியில் இருந்த அதிகாரபூர்வ இடம்பெயர்ந்தோர் முகாம்கள் பலவற்றை மாநில அரசு மூடியது. கணவனைப் பறிகொடுத்துப் பல ஆண்டு தார்ப்பாயின் கீழ் வாழ்ந்த பெண், சிறிது பணத்தோடும் மூட்டையோடும் பாதுகாப்பற்ற சிற்றூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் கணவனைக் கொன்றவன் நகரத்தில் அரசின் விருந்தாளி. அவன் என்ன செய்தான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. இதனை 'சமரசம்' என்று அழைக்கும் சொல்லாடல் அறிக்கைகளை எழுதுபவர்களுக்கு வசதியானது. அவளுக்கு அது இரண்டாம் முறை இழைக்கப்படும் அநீதி.

கொன்று குவிப்பதும் கேள்வியின்றி மன்னிப்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே குறை உண்டு. எவன் என்ன செய்தான் என்று பிரித்துப் பார்க்கும் உழைப்பை இரண்டும் தவிர்க்கின்றன. கிவாவில் மீனவனும் கொலைகாரனும் ஒரே குழியில் போடப்பட்டனர். மறுவாழ்வு முகாமில் இருவரும் ஒரே வகுப்பில் உட்காருகின்றனர். கூட்டாட்சி அரசு 2016-இல் கோம்பே மாநிலத்தில் தொடங்கிய 'பாதுகாப்பான வழித்தடம்' என்ற திட்டத்தை 2021-இல் ஆராய்ந்த சர்வதேச நெருக்கடிக் குழு, அங்கே இருந்தவர்களில் போராளிகளே அல்லாத, போராளிகளிடமிருந்து தப்பி வந்த குடிமக்களும் இருந்ததைக் குறிப்பிட்டது. தான் செய்யாத குற்றத்திலிருந்து 'திருந்தியதாக' ஒரு விவசாயி சான்றிதழ் பெறுகிறான். அதே சான்றிதழை, செய்தவனும் பெறுகிறான். ஊர் திரும்பும்போது ஊரார் இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆகவே, வாசல் திறந்திருக்க வேண்டும். அது நீதிமன்றத்தின் வழியாகச் செல்ல வேண்டும். இதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. பிடிபட்டவரின் பெயர், நாள், இடம் அன்றே பதிவாக வேண்டும். அந்தப் பதிவேடு குடும்பத்தார் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளை ஏழு நாட்களுக்குள் ராணுவக் காவலிலிருந்து குடிமை அதிகாரிகளிடம் ஒப்படைப்பதாக 2022 செப்டம்பரில் நைஜீரியா ஐநாவுடன் ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டது. பெரியவர்களுக்கும் அப்படி ஒரு கெடு இருப்பதில் எந்த ராணுவ இரகசியமும் கசிந்துவிடாது. கட்டாயத்தின்பேரில் சமைத்தவன், சுமந்தவன், வரி கொடுத்தவன் ஆகியோர் ஊர்ப் பெரியவர்கள் முன் உண்மையைச் சொல்லிவிட்டு வீடு திரும்பலாம். கொன்றவன், கடத்தியவன், அடிமையாக வைத்திருந்தவன், அவனாகவே வந்து சரணடைந்திருந்தாலும், விசாரணையை எதிர்கொள்ள வேண்டும். சரணடைந்தது தண்டனையைக் குறைக்கலாம், விசாரணையையே இல்லாமல் ஆக்கக் கூடாது. அப்படியானால் யாரும் சரணடைய மாட்டார்கள் என்ற அச்சம் எழும். காட்டில் இருப்பவனைத் தடுத்துவைத்தது பெரும்பாலும் தண்டனையின் அளவு அன்று. உயிரோடு நீதிபதியின் முன் நிற்போமா என்ற ஐயம். அந்த ஐயம் தீர்ந்தபோது வந்தவர்களின் எண்ணிக்கையை மேலே கண்டோம்.

சீருடைக்கும் அதே நீதிமன்றம் வேண்டும். போகோ ஹராம், நைஜீரியப் பாதுகாப்புப் படைகள் ஆகிய இரு தரப்பும் போர்க் குற்றங்கள் புரிந்ததாக நம்ப நியாயமான அடிப்படை இருக்கிறது என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் அலுவலகம் 2020 டிசம்பரில் கூறியது. படையின் மனவுறுதி குலையும் என்று இதற்கு மறுமொழி வருகிறது. கிவாவில் சுட்டவனைப் பாதுகாப்பதால் உயர்வது எவருடைய மனவுறுதி? பாமாவின் எல்லைக் காவலில் மாதக்கணக்கில் மாற்றாள் இன்றி நிற்கும் சாதாரணச் சிப்பாய்க்கு வேண்டியது சம்பளமும் தோட்டாவும் விடுப்பும். மேலதிகாரியின் குற்றத்துக்கு மறைப்பு அன்று.

கைஞ்ஜி விசாரணைகள் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூலையில் மீண்டும் நடந்தன. இம்முறை 125 பேர் தண்டிக்கப்பட்டதாகக் கூட்டாட்சி நீதித் துறை அறிவித்தது. கைஞ்ஜி இருப்பது நாட்டின் மேற்கில், பெனின் எல்லையை ஒட்டி. குற்றங்கள் நடந்ததோ நாட்டின் மறுகோடியில். சிபோக்கின் தாயோ, ரானில் பிள்ளையை இழந்தவரோ, கிவாவின் வாசலில் மகன் பெயரைக் கேட்டு நின்ற தந்தையோ அந்த அறைக்குள் நுழைய வழியில்லை. அடுத்த சுற்று விசாரணையை மைதுகுரி உயர்நீதிமன்றத்தில், கனூரி மொழிபெயர்ப்பாளரோடு, பொதுமக்கள் அமரும் நாற்காலிகளோடு நடத்துவதற்கு ஒரு ட்ரோனின் விலைகூட ஆகாது.